பிள்ளைக்கு அம்மா துணை, அம்மாவுக்கு யார் துணை?

சாயங்காலம் ஆறரை மணி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. நாலாம் வகுப்புப் படிக்கும் பெண் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, "அம்மா, நாளையிலேருந்து டியூஷனுக்குப் போகல" என்கிறாள்.

"ஏன், வீட்டுப்பாடம் எழுதலையா?"

"அதெல்லாம் எழுதிட்டேன்."

"பின்ன என்னடி?"

"அந்த அண்ணன் மேல மேல வந்து உக்காருது."

குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்த உரையாடல் இல்லை இது. ஆனால் பிள்ளைகள் இந்த விஷயத்தைச் சொல்லும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யாரும் எதிரில் உட்கார்ந்து "உங்களிடம் ஒன்று பேச வேண்டும்" என்று ஆரம்பிப்பதில்லை. வேறு எதையோ சொல்வதுபோல ஒரு நுனியை நீட்டிவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள். மீதியைச் சொல்வதா விழுங்குவதா என்பது அந்த முகத்தைப் பொறுத்தது. வயிற்று வலி, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்ற அடம், பழகின பிள்ளை திடீரென்று படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஒருவர் வந்தால் பின்கட்டுக்கு ஓடுவது என்று வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்கிற பிள்ளைகளும் உண்டு.

நம் வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் நமக்கே தெரியும். "சும்மா இரு, அப்பா காதுல விழப்போகுது." "நீ ஏன் அவன் பக்கத்துல போய் உக்காந்த?" "யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிடும்." சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மூன்றும் பயத்தில் வருகிற வார்த்தைகள். அந்தப் பயத்துக்கு என்ன காரணம், அதைக் குறைக்க யார் என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறேன். குழந்தை வன்கொடுமை என்றால் உடனே தூக்குத் தண்டனை, என்கவுன்டர் என்று பேச்சு போய்விடுகிறது. பிள்ளை தேறி வருவதற்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த அம்மாவோ பாட்டியோ அப்பாவோ, யாரிடம் பிள்ளை சொன்னதோ அவர், பிள்ளை பக்கம் நிற்க முடிகிறதா என்பது.

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிடுவோம். ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டிருந்தார்கள். (அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம்.) மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடி, உதை வாங்கியவர்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தது பெற்றோரே. 53.22 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்திருந்தார்கள், அவர்களில் பாதிக்கும் சற்று மேலே பையன்கள். "பையன்தானே, என்ன ஆகிடப் போகுது" என்பவர்கள் கடைசி எண்ணை இன்னொரு தரம் படிக்கலாம். சீண்டியவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள், அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காவல் நிலையம்வரை வரும் வழக்குகளிலோ இந்தத் 'தெரிந்தவர்' கணக்கு இன்னும் கூடுதல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் போக்சோ சட்ட வழக்குகளை, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளைப் பார்த்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அறிமுகமானவர்தான்.

பிள்ளை பிடிக்கிறவன் கதை சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. ஆனால் பயப்பட வேண்டிய ஆள் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவராக இருக்கிறார்.

இங்கேதான் சட்டம் மாட்டிக்கொள்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம். பிள்ளையின் வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ பதிய வேண்டும், போலீஸ் சீருடையில் வரக் கூடாது, ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. அவர் நீதிபதியிடம் சொல்ல, நீதிபதி பிள்ளையிடம் கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படாமல் திரை போட வேண்டும், அல்லது வீடியோ மூலம் சாட்சியம் பதிய வேண்டும். எழுதியவர்கள் பிள்ளைகளை அறிந்தவர்கள் என்று தெரிகிறது.

2019-இல் தண்டனையை இன்னும் கூட்டினார்கள். மிகக் கொடிய வகைக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டு, அதிகபட்சம் தூக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஆள் முகம் தெரியாதவனாக இருந்தால் தண்டனை கூடக்கூட குடும்பம் தைரியமாக முன்னால் வரலாம். அதே ஆள் தாய்மாமனாகவோ, சொந்தச் சித்தப்பாவாகவோ, வாடகை கட்டுகிற அப்பாவாகவோ இருந்தால்? "உன் ஒரு வார்த்தையால உன் மாமன தூக்குல போடப் போறாங்க" என்று பாட்டி ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அம்மாவும்தான்.

சரி, அந்த அம்மாவின் பக்கமிருந்து பார்ப்போம். பிள்ளை சொன்னதை நம்பி, துணிந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். (தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இன்று மாவட்டந்தோறும் இருக்கிறது.) அன்று ஒரு நாள் கூலி போச்சு. அடுத்து மருத்துவப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரி, ஒரு நாள். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம், பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து எல்லாரும் இன்னும் '164' என்றுதான் சொல்கிறார்கள், அதற்கு ஒரு நாள். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஒரு நாள். அப்புறம் வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும் வாய்தா, வாய்தா, வாய்தா. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் சம்பளம் மட்டும் இல்லை. அடிக்கடி லீவு போடுகிறவளை லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள். இதற்குள் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்து "அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்கங்க" என்கிறார். மாமியார் "உன் வளர்ப்புதான்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் அக்கறையாகவே சொல்வதுபோல "வேற ஸ்கூல்ல சேத்துட்டா பிள்ளைக்கு நல்லது" என்கிறார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் கணவன் என்றால் இந்தக் கணக்கில் அரிசிப் பானையும் சேர்ந்துவிடுகிறது.

ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து, "ஏதோ கோபத்துல புகார் கொடுத்துட்டோம்" என்று அம்மாவும் பிள்ளையும் கோர்ட்டில் சொல்கிறார்கள். பிறழ்சாட்சி. தீர்ப்பில் அது ஒரு வரியாக முடிந்துவிடும். வாடகை பாக்கி, தங்கையின் கல்யாணப் பேச்சு, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பார்கள்.

இதெல்லாம் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததா? தெரியும். 2020-இல் வந்த போக்சோ விதிகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழந்தைகள் நலக் குழு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணை நபரை அமர்த்தலாம். பிள்ளையும் பெற்றோரும் ஒப்புக்கொண்டால் விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை அவர் கூட இருப்பார். அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காக, வக்கீல் என்ன சொன்னார், குற்றவாளிக்கு ஜாமீன் கிடைத்ததா என்று குடும்பத்துக்குப் புரிகிற தமிழில் சொல்வது அவர் வேலை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, கவுன்சலிங் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. 2023-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் துணை நபர் ஏற்பாட்டை மாநிலங்கள் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தி வழிகாட்டுதல் கொடுத்தது. நடைமுறையில், கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை பல இடங்களில். எனவே கேளுங்கள்.

இன்னொன்று பணம். எஃப்.ஐ.ஆர். போட்டதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிடலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்கிறது விதி. பஸ் காசுக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் சட்டத்தில் இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு அந்தத் தூக்குத் தண்டனைப் பிரிவைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கோர்ட்டில் பிள்ளை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம் என்பதும் சட்டத்திலேயே உண்டு. அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பிள்ளையின் தோழியாகக்கூட இருக்கலாம். இலவச சட்ட உதவியும் குடும்பத்தின் உரிமை. ஆஸ்பத்திரியில் "போலீஸ் லெட்டர் கொண்டாங்க, அப்புறம் பார்க்கிறோம்" என்று அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது, பிள்ளையை எங்கே வைப்பது என்ற கேள்வி. குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருப்பவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்பதை அந்தக் குழு மூன்று நாளைக்குள் முடிவு செய்யும். பெற்றோரால் பாதுகாக்க முடியுமா, பிள்ளை என்ன விரும்புகிறது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவசரத்தில் நடப்பது வேறு. தப்பு செய்தவர் ஜாமீனில் வெளிவந்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை அரசு இல்லத்தில் இருக்கும். தம்பியைப் பிரிந்து, பள்ளிக்கூடத்தைப் பிரிந்து, 'நான் சொன்னதுக்கு எனக்குத்தான் தண்டனை' என்று அது நினைத்துக்கொள்வதில் என்ன தவறு? ஆளை வெளியேற்ற வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அம்மா மனு போட்டால், அந்த ஆண் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். போக்சோ வழக்கோடு இந்த மனுவையும் சேர்த்துப் போட யாராவது அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அது துணை நபராக இருக்கலாம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இருப்பவராக இருக்கலாம்.

சிகிச்சைக்கு வருவோம். "கவுன்சலிங் கொடுத்தாச்சு" என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், தடுப்பூசி போட்டாச்சு என்பதுபோல. முன்பின் தெரியாத ஒருவர் அரை மணி நேரம் "தைரியமா இரு, நல்லாப் படி" என்று சொல்வது சிகிச்சை ஆகாது. வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்காக ஜூடித் கோகன், ஆன்டனி மனரினோ, எஸ்தர் டெப்லிங்கர் என்ற மூன்று அமெரிக்க நிபுணர்கள் உருவாக்கிய முறை ஒன்று இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். பிள்ளையோடு எவ்வளவு நேரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் அம்மாவோடும். முதலில் பிள்ளைக்குப் படபடப்பு வந்தால் மூச்சை எப்படி நிதானப்படுத்துவது, கோபத்துக்கும் பயத்துக்கும் எப்படிப் பெயர் வைப்பது என்பதில் ஆரம்பிக்கிறார்கள். நடந்ததை உடனே தோண்டுவதில்லை. பல வாரம் கழித்து, பிள்ளை தன் வேகத்தில், எழுதியோ வரைந்தோ கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறது. கடைசியில் அதே கதையை அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி அமர்வுக்காக அம்மாவைத் தனியாகத் தயார் செய்கிறார்கள். பிள்ளை சொல்லும்போது அவள் உடைந்து அழக் கூடாது. அழுதால் 'என்னாலதான் அம்மா அழறா' என்று பிள்ளை நிறுத்திக்கொள்ளும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளவும் கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்ற இரண்டு வாக்கியங்களை நடுங்காமல் சொல்லப் பழக வேண்டும். அம்மாக்களுக்கு இது லேசில் வராது. அவர்களில் சிலருக்குத் தங்கள் சிறு வயதில் நடந்தது அப்போதுதான் திரும்ப வருகிறது. கொடுமையில் பங்கில்லாத பெற்றோர் பிள்ளையை நம்பி ஆதரித்தால் பிள்ளை தேறுவது எளிதாகிறது என்று இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

தமிழ்நாட்டில் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம். குழந்தைப் பாலியல் வன்கொடுமைத் தடுப்புக்கென்றே சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் போன்ற அமைப்புகளும் உண்டு. திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து 14 வாரம் தொடர்ந்து வர வேண்டும் என்றால், மறுபடியும் பஸ் காசும் லீவும்தான்.

இதுவரை பேசியது நடந்த பிறகு. நடக்காமல் தடுப்பது எப்படி?

'குட் டச், பேட் டச்' வகுப்பு எடுக்கிறோம் என்று பள்ளிகள் சொல்லும். எடுக்கட்டும். ஆனால் முப்பத்தைந்து வயது ஆளைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது என்ன நியாயம்? அதே பிள்ளைக்கு வீட்டில் என்ன பாடம் நடக்கிறது? "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு." "மாட்டேன்." "சீ, பெரியவங்ககிட்ட அப்படிச் சொல்லக் கூடாது, குடு." கல்யாண மண்டபத்தில், சொந்தக்காரர் வீட்டில் இது தினம் நடக்கிறது. பிள்ளை 'மாட்டேன்' என்றால் மதிக்கப்படும் வீட்டில்தான் வெளியிலும் அந்த வார்த்தை அதற்கு வாயில் வரும்.

அடியும் இதோடு சேர்ந்ததுதான். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த அப்பாக்களின் ஊர் இது. என் அப்பாவும் சொன்னார். வாத்தியாரும் தன்னால் முடிந்ததைச் செய்தார். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடை செய்துவிட்டது. வீட்டில் அடிப்பதை அப்படி வெளிப்படையாகத் தடை செய்யும் சட்டம் நம்மிடம் இல்லை. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது சிறார் நீதிச் சட்டத்தில் குற்றம்தான். ஆனால் 'ரெண்டு போடு போட்டேன்' என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடிக்கும் பாலியல் கொடுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தம்ளர் உடைந்ததற்கே அடி விழுகிற வீட்டில், அதைவிடப் பெரிய ஒன்று நடந்துவிட்டது என்று பிள்ளை எப்படி வந்து சொல்லும்? அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். "சொன்னா உன் அம்மா உன்னத்தான் அடிப்பா" என்கிறான். அது உண்மை என்பதால் பிள்ளையும் நம்புகிறது.

உலகத்தில் முதன்முதலாக வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று 1979-இல் சட்டம் போட்டது ஸ்வீடன். சட்டம் போட்டதோடு விடவில்லை. பால் பாக்கெட்டில் அந்தச் செய்தியை அச்சடித்தார்கள், காலைச் சாப்பாட்டு மேசையில் அப்பா, அம்மா, பிள்ளை எல்லாரும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று. அடித்த பெற்றோரைக் கும்பலாக ஜெயிலில் தள்ளவில்லை. மாற்று வழி என்ன என்று வீடுவீடாகக் கைப்பிரதி அனுப்பினார்கள்.

பெற்றோர் ஏன் அடிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வட்டிக்காரன் வாசலில் நின்றுவிட்டுப் போன அன்றும், டாஸ்மாக்கிலிருந்து கணவன் திரும்பிய அன்றும், இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்த அன்றும் விழுகிற அடிக்கும் பிள்ளை செய்த தப்புக்கும் அதிகத் தொடர்பு இருக்காது. 1970-களின் கடைசியில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு ஊரில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். முதல் குழந்தையைச் சுமந்த ஏழை, இளவயதுத் தாய்மார்களின் வீட்டுக்குக் கர்ப்ப காலம் தொடங்கி குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரே நர்ஸ் தொடர்ந்து போனார். குழந்தை அழுதால் என்ன செய்வது, அடுத்த வேலை எப்படித் தேடுவது, துணைவனோடு சண்டை வந்தால் யாரிடம் போவது என்றெல்லாம் பேசினார். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் போன குடும்பங்களில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் மற்றக் குடும்பங்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அந்த நர்ஸ்கள் போலீஸ் வேலை பார்க்கவில்லை. தாய்க்கு ஒரு ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணி வீட்டுக்குப் போகிறார். 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. தெருவில் எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் அடி, எந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவரிடம் கேட்கப்படுவது எடையும் உயரமும் முட்டைக் கணக்கும்தான். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும், 2023 முதல் பெண்கள் கையில் வரும் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையையும் யாரும் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் என்று சொல்வதில்லை. நான் சொல்வேன். விடியற்காலை ஒரு சண்டையும், கணவனிடம் கை நீட்ட வேண்டிய ஒரு நாளும் குறைகிற வீட்டில் பிள்ளைக்கு விழுகிற அடியும் குறைய வாய்ப்பு உண்டு. பள்ளி விட்ட பிறகு அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை உள்ள மூன்று மணி நேரம் அப்படியே திறந்து கிடக்கிறது. அதற்குத்தான் இன்னும் யாரும் வழி செய்யவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் வந்த டியூஷன் வீடு பல குடும்பங்களுக்குப் படிப்புக்காக இல்லை, அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான்.

இனி, 'சமூகம்' என்ற சொல். இதை ஆதரவு என்ற பக்கத்தில் மட்டும் வைத்துப் பேசினால் பொய் சொன்னதாகிவிடும். ஊர் கூடிப் பிள்ளையைக் காப்பாற்றியதும் உண்டு. ஊர் கூடி "ரெண்டு லட்சம் வாங்கிக்க, கேஸ வாபஸ் வாங்கு" என்றதும் உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணை அவனுக்கே கட்டிவைத்து 'சுமுகமாக' முடித்ததும் உண்டு. சாதி வேறு என்றால் போக்சோவையே காதலுக்கு எதிரான ஆயுதமாக்கியதும் உண்டு. பதின்வயதுக் காதல் வழக்குகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் கவலை தெரிவித்தது. அது தனிக் கட்டுரை.

கட்டப் பஞ்சாயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நியூசிலாந்தின் ஓர் ஏற்பாடு உதவும். அங்கே மாவோரி என்ற பூர்வகுடியின் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோவதற்கு எதிர்ப்பு எழுந்து, 1989-இல் புதுச் சட்டம் வந்தது. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பெரிய குடும்பத்தையே அழைத்து உட்கார வைப்பார்கள். அதிகாரிகள் முதலில் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். பிள்ளை யாரிடம் இருக்கும், யார் கண்காணிப்பார்கள் என்று குடும்பம் தனக்குள் பேசி ஒரு திட்டம் போடும். பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அதிகாரிகளுக்குத் தோன்றினால்தான் அது செல்லும். பார்க்க நம் பஞ்சாயத்து மாதிரியே இருக்கும். ஆனால் நம் ஊர்க் கூட்டத்தில் முதல் கேள்வி "ரெண்டு குடும்பத்துக்கும் பேர் கெடாம எப்படி முடிக்கிறது" என்பது. அங்கே முதல் கேள்வி "இன்னைக்கு ராத்திரி பிள்ளை எங்க தூங்கும்" என்பது.

நம் ஊராட்சிகளிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஊராட்சித் தலைவர்தான் தலைமை. பல ஊர்களில் அது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் டீ பிஸ்கட்டுமாக நடந்து முடியும். இதில் மகளிர் குழுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சே மாறும். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்த அப்பா இறந்துபோனார், எந்த அம்மா வெளியூர் வேலைக்குப் போய்விட்டார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்காமல் சொந்தத்திலேயே வளர்க்க மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வேலை? போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். நடந்த குற்றத்தை மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. செய்யாமல் இருக்க வேண்டியதும் உண்டு. பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து நாலு பேர் மாறிமாறி "என்ன பண்ணான், எங்க தொட்டான்" என்று கேட்கக் கூடாது. போனில் ரெக்கார்டு பண்ணக் கூடாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் பெயரோ பள்ளியோ போட்டோவோ போடக் கூடாது. ஊடகங்கள் பிள்ளையை அடையாளம் காட்டுவதைச் சட்டமே தடை செய்கிறது. அம்மா கோர்ட்டுக்குப் போகிற நாளில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம், சோறு கொடுத்தனுப்பலாம். ஒன்றுமே கேட்காமல் பழையபடி பேசலாம்.

புகார் சொல்ல 1098. 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் திட்டமாகத் தொடங்கிய எண், இப்போது அரசே நடத்துகிறது. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு ஆகாது. பிள்ளையே கூப்பிடலாம். பள்ளிக்கூட விஷயம் என்றால் 14417 இருக்கிறது. என்ன பார்த்தீர்கள், பிள்ளை எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்.